இடது முன்சக்கரம்

வண்டியில் சத்தம் நின்றுவிட்டது. தெருமுனை வரை ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்த லிஃப்ட்காரர், எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு "அப்பாடா!" என்றார். அந்த ஒரு அப்பாடாவுக்காக அவர் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

வாழ்நாளெல்லாம் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் மாட்டியும் பழுது பார்த்தும் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெரு அவரை லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டில்கூட முழிப்பார்கள். அவரிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வாங்கியது. இப்போது அந்த மகளுக்கே கல்யாணமாகி, கையில் ஒரு பெண் குழந்தை. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் நர்ஸ். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில் அவருக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. குடும்பத்தோடு குடிபோக வேண்டும். "பஸ்ஸுல எதுக்குக் குழந்தையோட அல்லாடணும்? என் வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. இனிமே அது உங்க வண்டி" என்று தாராளமாகச் சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டாரே தவிர, வண்டி கிழண்டு போயிருந்தது. சின்னப் பள்ளம் வந்தாலும் முன்பக்கம் 'தடக்' என்னும். வேகத்தடை வந்தால் கேட்கவே வேண்டாம், பல்லெல்லாம் ஆடும். தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தை திடுக்கிட்டு எழுந்து வீல் என்று அலறும். லிஃப்ட்காரர் முன்பக்கத்தைக் கையால் ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்தார். நல்ல வண்டியாக இருந்தால் கீழே போய், மேலே வந்து, நின்றுவிடும். இது எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிற ஆள் மாதிரி தலையாட்டிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால், சக்கரத்துக்குப் பின்னால் இருந்த, குலுக்கலைத் தாங்குகிற ஷாக்கில் எண்ணெய் கசிந்து, அதில் புழுதி ஒட்டிக் கறுப்பாகப் படிந்திருந்தது.

"ஸ்ட்ரட் போச்சு" என்றார். ஷாக்கும் அதைச் சுற்றியிருக்கிற ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த கம்பத்துக்கு அதுதான் பெயர். முன்பக்கம் இடது ஒன்று, வலது ஒன்று. வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் அதுதான், சக்கரத்தை நேராகப் பிடித்து வைப்பதும் அதுதான்.

"ஒர்க்‌ஷாப்ல விட்டுடலாமே, மாமா" என்றார் மாப்பிள்ளை.

அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வருவதே அபூர்வம். எதைக் கேட்டாலும் 'ம்ம்' என்பார். சாப்பாடு எப்படி? ம்ம். வேலை எப்படி? ம்ம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று லிஃப்ட்காரர் தன் சம்சாரத்திடம் பல தடவை புலம்பியிருக்கிறார். அப்படிப்பட்டவர் அபூர்வமாகத் திருவாய் மலர்ந்தது இதைச் சொல்லத்தானா?

"என்ன மாப்பிள்ளை பேசுறீங்க! மாடி மாடியா ஆளுங்களை ஏத்தி இறக்கின கை இது. ஒரு நட்டு கழண்டிருக்குமா இத்தனை வருஷத்துல? நாலு போல்ட்டைக் கழட்டி மாட்ட ஒர்க்‌ஷாப்பாம்!"

"ம்ம்" என்றார் மாப்பிள்ளை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதில் லிஃப்ட்காரர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. அவர் வேலை அப்படிப்பட்டதுதான். லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நட்டை முழுசாக முறுக்கியதும், நட்டிலிருந்து போல்ட் வரைக்கும் சேர்த்து ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு போடுவார்கள். கோடு இருந்தால் முறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. கோடு இல்லாத நட்டை நம்பி அவர் யாரையும் லிஃப்ட்டில் ஏற விட்டதில்லை. கார் வேலையிலும் அதே வழக்கம்தான். வீட்டிலிருந்த பெயின்ட் டப்பா காய்ந்து கட்டியாகிப் போயிருந்ததால், மகளின் நெயில்பாலிஷைச் சொல்லாமல் எடுத்துவந்து வைத்துக்கொண்டார்.

ஊருக்குப் போகிறதுக்கு முந்தின நாள் வேலை நடந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, பழைய ஸ்ட்ரட்டை வெளியே எடுத்தார். ஸ்பிரிங்கைக் கொக்கி போட்டு அமுக்கிப் பிரிக்கும்போது மட்டும் எல்லாரையும் எட்டப் போகச் சொன்னார். அது கையை மீறித் தெறித்தால் ஆளைக் காலி பண்ணிவிடும். அன்றைக்கு அது சொன்ன பேச்சைக் கேட்டது. புது ஸ்ட்ரட் இரண்டும் எண்ணெய்ப் பளபளப்போடு உள்ளே போய் உட்கார்ந்தன. பெட்டியில் புது நட்டுகளும் வந்திருந்தன. அவற்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தகரம் மாதிரி இருக்கு. என் பழைய நட்டு உலகம் அழிஞ்சாலும் அசையாது" என்று திரும்பப் பெட்டியிலேயே போட்டுவிட்டார். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். வேறு பேச்சில்லை.

சாயங்காலம் வண்டி இறங்கியது. தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கினால், சத்தமே இல்லை! பின் சீட்டில் மகள் மடியிலிருந்த உருண்டை, பேத்திக்கு அவர் வைத்த செல்லப் பெயர் அது, கண்ணைத் திறக்கவேயில்லை. அப்போது வந்ததுதான் அந்த அப்பாடா.

மறுநாள் காலையில் புறப்பாடு. பெட்டிகள், பாத்திரங்கள், குழந்தையின் தொட்டில், எல்லாம் ஏற்றியாயிற்று. சம்சாரம் ஒரு மூச்சு அழுது முடித்தாள். வண்டி கிளம்பி வேகத்தடையில் பூனை போலச் சத்தமில்லாமல் ஏறி இறங்கிப் போனதைப் பார்த்து லிஃப்ட்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பார்த்தியா, சத்தம் கேட்டுச்சா?" என்றார்.

"ஆமா, பொண்ணு போறா, இவருக்குச் சத்தம்தான் கவலை" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சம்சாரம் உள்ளே போனாள்.

அவர் வண்டி நின்ற இடத்தைப் பெருக்க ஆரம்பித்தார். வேலை செய்த இடத்தில் ஒரு துரும்பு கிடந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. துடைப்பத்தில் ஏதோ தட்டுப்பட்டு உருண்டது. குனிந்து எடுத்தார். ஒரு நட்டு. ஸ்ட்ரட்டின் அடிப்பக்கத்தைச் சக்கரத்தோடு சேர்த்துப் பிடிக்கிற பெரிய நட்டு. அதன் மேல் சிவப்பாக நெயில்பாலிஷ் கோடு. கோட்டில் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி போல்ட்டில் இருக்கும். போல்ட் வண்டியில் இருக்கிறது. வண்டி போய்விட்டது.

 கோடு போட்ட நட்டு எப்படிக் கழன்றது? அவர் முறுக்கிய நட்டு கழன்றதாகச் சரித்திரமே இல்லையே! துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்று யோசித்தார். யோசிக்க யோசிக்க நேற்று நடந்தது ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தது.

கடைசி முறுக்கை வண்டி தரையில் இறங்கி, பாரம் உட்கார்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். அதுவரை கையால் மட்டும் திருகி வைப்பது முறை. வலது பக்கத்தை அப்படித்தான் செய்து, இறக்கி, முறுக்கி, கோடு போட்டு முடித்தார். இடது பக்கம் ஜாக்கியில் நிற்கும்போது வீட்டுக்குள்ளிருந்து மகள் கத்தினாள். "அப்பா, என் நெயில்பாலிஷை நீங்களா எடுத்தீங்க? பெட்டி மூடணும், கொடுங்கப்பா!" இன்னும் கடைசி முறுக்குக் கொடுக்கவில்லை. அப்புறம் கோடு போடப் பாட்டில் கிடைக்காது. சரி, எப்படியும் முறுக்கத்தானே போகிறோம் என்று, கையால் திருகி வைத்த இரண்டு நட்டிலும் முன்கூட்டியே கோட்டைப் போட்டுவிட்டு, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு வண்டியை இறக்கினார். டார்ச் அடித்துப் பார்த்தார். சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. ஆயிற்று என்று எழுந்துவிட்டார்.

ஆமாம், எழுந்துவிட்டார்! தன் கோட்டைத் தானே நம்பி எழுந்துவிட்டார்!

"அய்யோ, பாவி ஆயிட்டேனே!" என்று அவர் போட்ட சத்தத்தில் சம்சாரம் ஓடிவந்தாள். நட்டைக் காட்டினார். விஷயத்தைச் சொன்னார். இடது முன்சக்கரம் இப்போது ஒற்றை நட்டில், அதுவும் முறுக்காத நட்டில் நிற்கிறது. வண்டிக்குள் மகள் இருக்கிறாள், உருண்டை இருக்கிறது. முன்னால் இருப்பது மலைப்பாதை.

மகளுக்குப் போன் போட்டார். மணி வீட்டுக்குள்ளேயே அடித்தது. படுக்கையறையில் சார்ஜரில் மாட்டியபடி மறந்துவிட்டுப் போயிருந்தாள். மாப்பிள்ளைக்குப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடவே மாட்டார். அந்த நல்ல பழக்கத்தை லிஃப்ட்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டினார்.

"மலைக்குக் கீழே பெட்ரோல் பங்க்ல நிறுத்திக் குழந்தைக்குப் பால் கொடுப்பேன்னு சொன்னா. அங்கே பிடிச்சிடலாம், கிளம்புங்க" என்றாள் சம்சாரம். இப்படிப்பட்ட நேரத்தில் அவளுக்குத்தான் மூளை வேலை செய்யும்.

எதில் கிளம்புவது? இருந்த ஒரு காரும் போயாயிற்று. எதிர்வீட்டு வாசலில் டிரைவிங் ஸ்கூல் டீச்சரம்மாவின் வண்டி நின்றது. மேலே பெரிய எல் போர்டு. டீச்சரம்மா விஷயத்தைக் கேட்டதும் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தங்கமான மனசு. ஒரே குறை என்னவென்றால், ரோட்டோரப் பலகையில் எழுதியிருக்கிற வேகத்துக்கு மேல் ஒரு இம்மி போக மாட்டார்.

"டீச்சரம்மா, கொஞ்சம் அமுக்குங்களேன்!"

"அண்ணே, பத்து பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுக்கிறவ நான். நானே தப்பு பண்ணலாமா?"

"உயிர் போற அவசரம்மா!"

"நாமளும் சேர்ந்து போயிட்டா அவங்களை யாரு நிறுத்துறது?" என்று சொல்லி, ஆளே இல்லாத சந்தியில் வண்டியை நிறுத்தி, வலமும் இடமும் பார்த்து, நிதானமாகக் கிளம்பினார்.

இது போதாதென்று, லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தது சொல்லிக்கொடுக்கிறவர்கள் உட்காருகிற சீட். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. எதிரே லாரி வந்தால் அவர் கால் தானாக அதை மிதிக்கும். பள்ளத்தைப் பார்த்தாலும் மிதிக்கும். பின்னாலிருந்த சம்சாரத்தின் நெற்றி முன் சீட்டில் இடிக்கும்.

"அண்ணே, காலை எடுங்க!"

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன்."

"வேகமாப் போன்னு சொல்றதும் நீங்களே, பிரேக் போடுறதும் நீங்களே! காலைத் தூக்கி சீட்டு மேல வைங்க" என்றாள் சம்சாரம். அவர் மறுபேச்சுப் பேசாமல் காலை மடக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு, நட்டை உள்ளங்கையில் இறுக்கியபடி ரோட்டையே பார்த்தார்.

ரோட்டோரத்தில் எங்கே நாலு பேர் கூடியிருந்தாலும் அவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். ஓர் இடத்தில் கூட்டம். கண்ணை மூடிக்கொண்டார். "தர்ப்பூசணி விக்கிறாங்க, கண்ணைத் திறங்க" என்றாள் சம்சாரம். வேண்டாத தெய்வமில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்த மாப்பிள்ளை நேற்றுக் கேட்டிருக்கக் கூடாதா, மாமா முறுக்கிட்டீங்களா என்று? வாயில் என்ன வைத்திருந்தார்? இப்படித் தன் தப்பை அவர் தலையில் கட்டிப் பார்த்தார். அது அங்கே நிற்காமல் திரும்பத் தன்னிடமே வந்து சேர்ந்தது.

மலையடிவாரம் வந்தது. பெட்ரோல் பங்க் வந்தது. அதன் ஓரத்தில், மரத்தடியில், அந்தச் சின்னக் கார் நின்றது!

நின்றது என்றால் முழுசாக நின்றது. நாலு சக்கரமும் அதனதன் இடத்தில் இருந்தன. மகள் பெஞ்சில் உட்கார்ந்து உருண்டையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். இடது முன்சக்கரத்தின் பக்கத்தில் மாப்பிள்ளை முழங்காலிட்டுக் குனிந்திருந்தார்.

டீச்சரம்மா இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டுவதற்குள் லிஃப்ட்காரர் கதவைத் திறந்து குதித்துவிட்டார். "ஏறாதீங்க! யாரும் ஏறாதீங்க! வண்டியை எடுக்காதீங்க!" பெட்ரோல் போட வந்தவர்கள்கூடப் பயந்து எட்டப் போனார்கள்.

"என்னப்பா? அம்மா! என்ன ஆச்சு?" என்று மகள் எழுந்தாள்.

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நட்டு வேர்வையில் நனைந்து கையில் அச்சுப் பதிந்திருந்தது.

மாப்பிள்ளை அதைப் பார்த்தார். எழுந்து நின்றார். "அது விழுந்துடுச்சா? பையில போட்டேன்னு நினைச்சேன். பையை எல்லாம் துழாவிட்டேன், மாமா" என்றார்.

"எது?"

"அந்தப் பழைய நட்டு. காலையில நான்தான் கழட்டினேன்."

லிஃப்ட்காரர் முழித்தார். மாப்பிள்ளை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு ஷிஃப்ட் முடிந்து இன்னொரு ஷிஃப்ட் வரும்போது, முந்தினவர்கள் சரியென்று குறி போட்டிருந்தாலும், வருகிறவர்கள் ஒவ்வொரு நோயாளியின் குழாயையும் மருந்தையும் ஒரு தடவை கையால் தொட்டுப் பார்ப்பார்கள். அது அவருக்குக் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. இன்று காலையில், மாமா குளிக்கப் போயிருந்தபோது, புறப்படுவதற்கு முன்னால் எல்லா நட்டையும் ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்த்தார். வலது பக்கம் கல்லு மாதிரி இருந்தது. இடது பக்கம் ஸ்பேனரே தேவைப்படவில்லை, விரலாலேயே சுற்றியது.

"ரெண்டையும் கழட்டிப் பார்த்தேன். மேலே இருந்தது பரவாயில்ல. இதுல மரை தேஞ்சிருந்தது, மாமா. பெட்டியில இருந்த புது நட்டைப் போட்டு, ரெண்டையும் இறுக்கி முறுக்கிட்டேன். கொஞ்ச தூரம் ஓடினப்புறம் இன்னொரு தடவை பார்க்கணுமில்லையா, அதான் இப்போ பார்த்தேன். அப்படியே இருக்கு."

லிஃப்ட்காரர் அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினார். தரையில் மண்டியிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, கீழ் நட்டில் ஸ்பேனரை மாட்டி, உள்ள பலத்தையெல்லாம் போட்டு இழுத்தார். அசையவில்லை. மேல் நட்டில் மாட்டி இழுத்தார். அதுவும் அசையவில்லை. நெற்றி நரம்பு புடைக்க இன்னொரு தடவை இழுத்தார். ம்ஹூம், இம்மிகூட இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஊரே பார்க்க, கேவிக் கேவி அழுதார். நெஞ்சில் அடைத்திருந்ததெல்லாம் கரைந்து போகிற அழுகை அது. போன உயிர் திரும்பி வந்தால் ஆள் சிரிக்கவா செய்வான்? சம்சாரமும் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சரம்மா போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார். "குடிங்கண்ணே. ஒண்ணும் ஆகலை பாருங்க. எல்லாரும் இருக்காங்க."

தண்ணீர் உள்ளே போனதும் உலகமே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. காற்று வீசுவது தெரிந்தது. மரத்தில் ஏதோ குருவி கத்துவது கேட்டது. டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொன்னார். டீச்சரம்மாவுக்கு இரண்டு தடவை சொன்னார். பிரேக் மிதித்த கதையைச் சம்சாரம் நடித்தே காட்டினாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளைகூடச் சிரித்தார். அவருக்கு முன்பற்களில் ஒரு சின்ன இடைவெளி இருப்பதே லிஃப்ட்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

டீயைக் குடித்து முடித்துவிட்டு, "காலையிலேயே சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை டம்ளரைப் பார்த்தார். மகள்தான் பேசினாள்.

"நான்தான்ப்பா சொல்ல வேண்டாம்னு சொன்னேன். சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? என் வேலையில கை வைக்க நீ யாருன்னு இவரைக் கேட்டிருப்பீங்க. அப்புறம் மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டு மறுபடி மாட்டியிருப்பீங்க. ஒரு வாரம் யாரோடயும் பேசியிருக்க மாட்டீங்க. கிளம்புற நாள்ல எதுக்குன்னு விட்டுட்டேன்."

லிஃப்ட்காரர் சம்சாரத்தைப் பார்த்தார். இல்லை, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று அவளாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் வழியில் பார்த்த தர்ப்பூசணிக் கடை இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சக்கரம் கழண்டு ஓடினாலும் பரவாயில்ல, எங்கிட்ட வாயைத் திறக்கத்தான் பயமா?" என்றார்.  தன் வீட்டில் தனக்கு இப்படியொரு பேர் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமலில்லை. இவ்வளவு பெரிய பேர் என்று தெரியாது. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தைவிட, உருண்டை மகள் தோளில் ஏப்பம் விட்ட சத்தம் பெரிதாக இருந்தது. அது கேட்டதே, அது போதும்.

"இங்கே பாருங்க, மாப்பிள்ளை. நீங்க என்னை நம்பி விட்டிருந்தா இன்னைக்கு நான் உயிரோட இருந்திருக்க மாட்டேன். நீங்க பார்த்ததுதான் சரி. ஆனா இனிமே சொல்லிடுங்க. எனக்குக் கோபம் வரும். வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். வந்துட்டுப் போகட்டும். நீங்க சொல்லுங்க."

"ம்ம்" என்றார் மாப்பிள்ளை.

அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. லிஃப்ட்காரரும் எதிர்பார்க்கவில்லை. புறப்படுகிற நேரம் வந்தது. மகளிடம், வீட்டிலிருந்து கையோடு எடுத்துவந்திருந்த போனைக் கொடுத்து, சார்ஜரையும் கொடுத்து, சம்சாரம் அன்றைக்கு மூன்றாவது தடவையாக அழுது முடித்தாள். டீச்சரம்மா வண்டியைச் சுற்றி வந்து நாலு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார்.

"என் ராஜாத்தியைக் கொடு இங்கே" என்று லிஃப்ட்காரர் பேத்தியை வாங்கினார். உருண்டை அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. மனசு நிறைந்து வழிந்தது மனுஷனுக்கு. குழந்தையைத் தூக்கி அந்தரத்தில் போட்டுப் பிடிப்பதுதான் அவருக்குத் தெரிந்த கொஞ்சல். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து, கீழே தாழ்த்தி, வீச்சுக்குத் தயாரானார்.

"மாமா, தூக்கிப் போடாதீங்க."

சத்தமான குரல் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. மகள் திறந்த கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். சம்சாரம் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"நான் பிடிச்சிடுவேன், மாப்பிள்ளை. இவ அம்மாவையே இப்படித்தான் வளர்த்தேன்" என்றார் லிஃப்ட்காரர்.

"பிடிப்பீங்க, மாமா. ஆனாலும் வேண்டாம். அவளுக்குக் கழுத்து இன்னும் முழுசா உறுதிப்படலை." மாப்பிள்ளையின் காதெல்லாம் சிவந்துவிட்டது. இருந்தாலும் நிறுத்தவில்லை. "நீங்க ஒவ்வொரு தடவை தூக்கிப் போடும்போதும் நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

வந்தது கோபம். சொன்ன மாதிரியே வந்தது. மூக்கு நுனி வரைக்கும் ஏறி, உதடு துடித்து, ஒரு வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நான் பார்த்த பிள்ளைகள் எத்தனை, நேற்றுப் பெற்றவன் நீ எனக்குச் சொல்ல வந்துவிட்டாயா? எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். உருண்டை மட்டும் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது.

அவர் குழந்தையை மெதுவாக மேலே கொண்டுவந்து மார்போடு சேர்த்துக்கொண்டார். ஒரு கையைத் தலைக்கு அணைவாகக் கொடுத்தார்.

"எவ்வளவு நாளா இப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"இவ பிறந்ததிலிருந்து, மாமா."

லிஃப்ட்காரர் நடந்து போய், பேத்தியை அவர் கையில் பத்திரமாகக் கொடுத்தார்.

"இப்போ மூச்சை விடுங்க, மாப்பிள்ளை" என்றார்.